13 வயதுப் பையனின் எலும்புக்கு என்ன வயது?

“என் மகனுக்கு 13 வயது. ரக்பி ஆடுகிறான். பந்தைக் கையாளுவதில் கெட்டிக்காரன். ஆனாலும் அவனைவிட ஒரு தலை உயரமான பையன்களைத்தான் அணியில் எடுக்கிறார்கள். அவர்கள் செய்வது சரியா? இவன் இனி எப்போது வளர்வான்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தேர்வாளர்களின் கணக்கு எளியது. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 80 கிலோ பையன் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால் 480; 45 கிலோ பையனுக்கு அதே வேகத்தில் 270தான். ஈடுகொடுக்க வேண்டுமானால் அவன் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அது ஒலிம்பிக் ஓட்டக்காரர்களின் வேகம். ஆகவே இந்த வாரப் போட்டியை வெல்ல நினைப்பவர் பெரிய பையனை எடுப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெரிய உடம்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. அந்த ஓராண்டில் 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். சராசரிதான் 14; சிலருக்கு 12 வயதிலேயே வந்துவிடும், சிலருக்கு 16 ஆகும். பிறந்த தேதி ஒன்றாக இருக்கும் இருவருடைய உடல்கள் முதிர்ச்சியில் நான்கு ஆண்டுகள் விலகி நிற்கலாம். வயது வாரியாக அணி பிரிக்கும்போது இந்த இருவரையும் நேருக்கு நேர் மோதவிடுகிறோம்.

இந்த விலகலின் பிறப்பிடம் நீண்ட எலும்புகளின் முனையருகே இருக்கும் மெல்லிய குருத்தெலும்புப் படலம். வளர்ச்சித் தட்டு என்பது அதன் பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டையான செல்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் நெடுவரிசைகளாக நிற்கும். மேலடுக்கில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. எலும்பு நீள்வதற்கு இந்தப் பெருக்கம்தான் முழுக் காரணம் என்று தோன்றும். இல்லை. வரிசையின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் ஒவ்வொரு செல்லும் நீரை உறிஞ்சிப் பல மடங்கு பருக்கிறது. நீளத்தில் பெரும்பங்கு இந்த வீக்கத்தால்தான் கிடைக்கிறது. பருத்த செல்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிகிறது, இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பு அமர்கிறது. ஒரு பையன் ஓராண்டில் பெறும் பத்து சென்டிமீட்டரில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத செல்கள் வரிசையில் நின்று வீங்கியதன் விளைவு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அடுத்தது இன்னும் அழகு. இந்தத் தட்டு முழுவதும் எலும்பாகி மூடிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அதை மூடுவது யார்? ஆண்களிடம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். 1994இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை அதைப் புரட்டிப்போட்டது. அந்த மனிதருக்கு வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் அவருடைய எலும்பின் வயது, அதாவது எலும்பு எட்டியிருந்த முதிர்ச்சி, 15! பெண் ஹார்மோன் என்று அறியப்படும் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி அவருடைய செல்களில் பழுதுபட்டிருந்தது. ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதுதான் வளர்ச்சித் தட்டை மூடுகிறது. பருவத் தொடக்கத்தில் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி வேகம் கூட்டுவதும், முடிவில் தட்டை மூடி நிறுத்துவதும் ஒரே ஹார்மோன்.

ஆகவே 12 வயதில் விறுவிறுவென்று உயர்ந்த பையனுக்கு மூடுவிழாவும் சீக்கிரம் வந்துவிடும். தாமதமாகத் தொடங்குபவனுக்குக் குழந்தைப் பருவ வளர்ச்சி கூடுதலாக ஓரிரு ஆண்டுகள் நீடிக்கிறது. இறுதி உயரத்தில் இருவரும் பெரும்பாலும் நெருங்கிவிடுவார்கள். உயரம் கூட்டும் பொடி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூடிய தட்டை எந்தப் பொடியும் திறக்காது. கம்பியில் தொங்கினால் முதுகெலும்பின் இடைவட்டுகள் சற்று விரியும், படுத்து எழுந்தாலும் அதே பலன் கிடைக்கும்.

வளர்ச்சிக்குக் காத்திருக்கும் சின்னப் பையன் மைதானத்தில் என்ன செய்கிறான்? மோத முடியாததால் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். தடுக்க வருபவனின் எடை வலது காலில் இறங்கியிருந்தால் அவனால் இடப்பக்கம்தான் உந்தித் தாவ முடியும். வலப்பக்கம் போக இன்னொரு காலை ஊன்றியாக வேண்டும். அந்த அரை நொடிக்குள் அவனுடைய வலப்பக்கமாக நழுவிவிடலாம். பந்தோடு ஓடிவருபவனைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளிலும் அப்படியே. மார்பில் மோதினால் சின்னவன் தெறித்து விழுவான். தலையைப் பக்கவாட்டில் ஒதுக்கி, தோளைத் தொடையில் பதித்து, இரு கால்களையும் கைகளால் இறுக்கிவிட்டால் கால்கள் நின்றுவிடும், மேலுடம்பு போய்க்கொண்டே இருக்கும். பெரியவனை அவனுடைய வேகமே கவிழ்த்துவிடும். நேராக ஓடியே ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது) வைத்துப் பழகிய பெரிய பையனுக்கு இதையெல்லாம் கற்கும் தேவை வருவதே இல்லை.

2008இல் உலகின் சிறந்த வீரராகத் தேர்வான வேல்ஸின் ஷேன் வில்லியம்ஸ், 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ட்ரை வைத்த தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே, இருவருமே சுமார் 170 சென்டிமீட்டர்தான். ஆனால் இத்தகைய பெயர்களைக் காட்டி ஆறுதல் சொல்வதில் ஒரு பித்தலாட்டம் உண்டு. ஒதுக்கப்பட்டு 14 வயதில் ஆட்டத்தையே விட்டவர்களின் பட்டியல் நம்மிடம் இல்லை. சிறியவனாக இருப்பது பயன்தர வேண்டுமானால் அவன் அணிக்குள் இருந்தாக வேண்டும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிறுவர் பிரிவுகள் பலவற்றில் எடை வரம்பு உண்டு. அது காயங்களுக்கு மருந்தாகலாம். முதிர்ச்சிக்கு அரைகுறை மருந்துதான். 60 கிலோ உள்ள ஒல்லியான முதிர்ந்தவனும் 60 கிலோ உள்ள குண்டுக் குழந்தையும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து அகாடமிகள் வேறொன்றை முயன்றன: பெற்றோரின் உயரத்தையும் கொண்டு பையனின் இறுதி உயரத்தைக் கணித்து, அதில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறான் என்று பார்த்துப் பிரிப்பது. எனக்கு இதுவே அறிவுக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இப்படிப் பிரித்த பையன்களைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்தால்தான் பலன் தெரியும்; ஆய்வு நிதியோ மூன்றாண்டுக்கு ஒருமுறை முடிவு கேட்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மோன்பெய்யார் பிரபு 1759 முதல் 1777 வரை தன் மகனின் உயரத்தை அளந்து குறித்துவைத்தார். அவர் யாரிடமும் நிதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாசகருக்கு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகனின் உயரத்தையும், உட்கார்ந்த நிலை உயரத்தையும் அளந்து குறித்து வையுங்கள். முதலில் கால்கள் நீளும், பிறகுதான் உடற்பகுதி. கால்கள் திடீரென்று வேகமாக நீளத் தொடங்கும்போது சில மாதங்கள் அவன் பந்தைத் தவறவிடலாம், முழங்காலுக்குக் கீழே வலிக்கலாம். அந்த நேரத்தில் ஓட்டத்தையும் தாவலையும் குறைத்து, பாஸ் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு தலை உயரமான பையனின் பெற்றோரைச் சந்தித்தால், அவனை இரண்டு வயது மூத்தவர்களோடு பயிற்சிக்கு அனுப்பும்படி சொல்லிப் பாருங்கள். உடம்பு மட்டும் போதாத இடத்தில் அவனும் ஆடிப் பழகட்டும்.