இனப்பெருக்கம் அல்ல, சினைவிடுதல்

போன வாரம் தமிழ்க் குரல் கொடுத்த ஒரு தூண்டில் நிகழ்ச்சி பார்த்தேன். அமெரிக்காவில் மின்னசோட்டா ஏரி ஒன்று. படகில் நிற்பவர் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். குரல் சொல்கிறது: “நீரின் வெப்பநிலை விளையாட்டு மீன்களின் வசந்தகால இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது.” பாதித்தால் மனிதர் ஏன் சிரிக்கிறார்?

ஒரே வரியில் மூன்று கோளாறு. பாதிப்பு என்றால் நமக்குக் கெடுதல். அங்கே தண்ணீர் சூடேறுவது நல்ல சேதி. ‘விளையாட்டு மீன்’ என்றால் பந்து உருட்டும் மீன் போலிருக்கிறது. தூண்டில்மீன் என்றால் போதும். இரண்டையும் மன்னித்துவிடலாம். இனப்பெருக்கம்தான் பொறுக்கவில்லை, எங்கே பார்த்தாலும் அதுவே.

மூலத்தில் இருந்திருக்கக்கூடிய ஆங்கிலச் சொல் ‘ஸ்பான்’. விரித்தல், பரப்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக அப்படி ஆனது. தண்ணீரில் கொட்டிப் பரப்புவது, அவ்வளவுதான். நம்மிடம் இருப்பது சினை. இலக்கணத்தில் உறுப்பு, மரத்தில் கிளை, வயிற்றில் கரு. பட்டினப்பாலையில் பரதவர் ‘சினைச் சுறவின் கோடு நட்டு’க் கும்பிடுகிறார்கள். இன்றும் கடையில் மீனைக் கீறியதும் மஞ்சளாக இரண்டு மடல் சரிந்தால், “சினை இருக்குக்கா, வச்சுரவா?” என்றுதான் கேட்கிறார்கள். இனப்பெருக்கப் பொருள் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

இனப்பெருக்கம் என்பது முழுக் கதை. ஜோடி சேர்வதிலிருந்து குஞ்சு தப்பிப் பிழைப்பதுவரை எல்லாம் அதில் அடங்கும். படகுக்காரர் பேசியது அதில் ஒரு கட்டத்தை மட்டும். வால்ஐ என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள் (வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). இலையுதிர் காலத்திலேயே அதன் வயிற்றில் சினை வளரத் தொடங்கி, பனிக்கட்டிக்கு அடியில் குளிர்காலம் முழுக்க முற்றுகிறது. இதற்குப் பகல் நீளம் மாறுவதும் ஒரு கடிகாரம். ஆனால் முற்றிய சினையை வெளியே விட, பனி உருகித் தண்ணீர் சுமார் 6 முதல் 10 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும். அப்போது இரவில் சரளைக்கல் கரைக்கு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். முதலாவது சினைபிடித்தல், இரண்டாவது சினைவிடுதல். தமிழில் இரண்டு சொல் தயாராக இருக்க, மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார். வெப்பமானி எதற்கு என்பதே பார்ப்பவருக்குப் புரியாமல் போகிறது.

‘முட்டையிடுதல்’ போதாதா என்பார்கள். அதைக் கேட்டதும் கோழிதான் கண்ணில் வருகிறது. ஆணுக்கு அங்கே வேலையே இல்லை. லார்ஜ்மவுத் பாஸ் மீனைப் பாருங்கள். தண்ணீர் 16 டிகிரி வாக்கில் வந்ததும் ஆண்தான் ஆழமில்லாத இடத்தில் வாலால் மண்ணைத் தள்ளித் தட்டுபோல் குழி பறிக்கிறது. பெண் வந்து சினையை விட, அதன்மேல் ஆண் தன் விந்தை விடுகிறது. பெண் போய்விடும், ஆண் அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். திடீரென்று வாடை வந்து தண்ணீர் குளிர்ந்தால் காவலைக் கைவிட்டுப் போவதும் உண்டு. அப்புறம் அத்தனை முட்டையும் சின்ன மீன்களுக்கு விருந்து. சினைவிடுதலிலும் ஆண் பாதி வெளிப்படையாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘விடுதல்’ இருவருக்கும் பொருந்துகிறது, ‘இடுதல்’ பொருந்தவில்லை.

ஓர் எச்சரிக்கை. நம் ஊர் மீன் பண்ணைகளில் ஸ்பான் என்றால் அப்போதுதான் பொரித்த நுண்குஞ்சு. அங்கே போய் என் பேச்சைக் கேட்டுச் சினை என்று எழுதிவிடாதீர்கள்.

குரல் கொடுப்பவர்களைக் கேட்டால், நல்ல தமிழ் நீளும், வாயசைவுக்குள் அடங்காது என்பார்கள். அவர்கள் பேசியது ஏழு சொல். ‘வசந்தத்தில் தண்ணீர் சூடேறினால்தான் தூண்டில்மீன் சினைவிடும்’ என்பது ஐந்து.