ஃபிரான்சைஸ்: உரிமையா, உரிமமா?

ஐபிஎல் ஏலம் நடக்கும் நாட்களில் 'ஃபிரான்சைஸ்' என்ற சொல் விளையாட்டுப் பக்கத்தில் வரும். பழரசக் கடை, பிரியாணிக் கடை விளம்பரங்களில் அதுவே முதலீட்டு வாய்ப்பாக வரும். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குக் கொடுத்ததாகப் பாடநூல்களில் படிக்கிறோமே, சர்வசன வாக்குரிமை, அந்த வாக்குரிமைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். வாக்குச்சாவடிக்கும் பிரியாணிக் கடைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? தமிழில் அதை என்னவென்று எழுதுவது?

ரோமானியர் ஆட்சி சரிந்தபோது இன்றைய பிரான்சு நிலத்தை வென்று ஆண்டவர்கள் பிராங்கு எனப்பட்ட ஜெர்மானியக் குடியினர். ஆண்ட இனம் என்பதால் அவர்களுடைய பெயரே 'யாருக்கும் அடிமையல்லாதவன்' என்ற பொருளைப் பெற்றது. அதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் பிறந்த சொல்லுக்கு விடுதலை, வரிவிலக்கு என்று பொருள். ஆங்கிலத்துக்குப் போனபின், மன்னர் ஓர் ஊருக்கோ ஆளுக்கோ அளிக்கும் சலுகையை அது குறித்தது: சந்தை கூட்டலாம், ஓடத்துறை நடத்தலாம், கட்டணம் வாங்கலாம். அங்கிருந்து ஒரு கிளை வாக்குரிமைக்குப் போனது, இன்னொன்று வணிகத்துக்கு வந்தது.

இதே பிராங்குகளின் பெயர் அரபு, பாரசீகம் வழியாகச் சுற்றி வந்து நம்மிடம் 'பறங்கி' ஆனது. பறங்கிப்பேட்டையும் பறங்கிக்காயும் ஃபிரான்சைஸுக்கு ஒன்றுவிட்ட உறவு என்பதை அகராதிப் பிரியர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் சொந்த முதல் போட்டுக் கடை நடத்துவது என்ற இந்தச் சொல்லின் இன்றைய வணிகப் பொருளை உலகம் முழுவதும் பரப்பியதில் மெக்டொனால்ட்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1940இல் உணவகம் திறந்தார்கள். 1948இல் அதை மூடி, காருக்கே உணவு கொண்டுபோய்க் கொடுத்த பணிப்பெண்களை வேலையிலிருந்து நீக்கி, உணவுப் பட்டியலைச் சுருக்கி, 15 சென்ட் விலையில் ஹாம்பர்கர் விற்கும் கடையாக மாற்றினார்கள். 1953இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் நீல் ஃபாக்ஸ் என்பவர் 1,000 டாலர் கொடுத்து முதல் உரிமத்தை வாங்கினார். அவர் தன் பெயரையே கடைக்கு வைப்பார் என்று சகோதரர்கள் எதிர்பார்த்தார்கள். அவரோ 'மெக்டொனால்ட்ஸ்' என்ற பெயரைக் கேட்டார். பெயரும், கட்டட வரைபடமும், ஒரு வாரத்துக்கு ஓர் அனுபவசாலிப் பணியாளரும் கிடைத்தன. அதன்பின் அவர் பாடு. அன்றைய ஃபிரான்சைஸில் பழைய 'விடுதலை' கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அதைத் துடைத்தெடுத்தவர் ரே கிராக். மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்க 1954இல் வந்தவர், 1955இல் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார். அவர் விதித்த நுழைவுக் கட்டணம் 950 டாலர்தான், விற்பனையில் 1.9 விழுக்காடு நிறுவனத்துக்கு. அந்த 1.9இலும் 0.5 சகோதரர்களுக்குப் போய்விடும். மிஞ்சியதில் பிழைக்க முடியாத நிலையில், ஹாரி சோன்பார்ன் என்ற நிதியாளர் 1956இல் வழி கண்டுபிடித்தார். கடை இருக்கும் நிலத்தை நிறுவனமே குத்தகைக்கு எடுத்து, கடை நடத்துபவருக்கு உள்வாடகைக்கு விடுவது. வாடகையில் வருமானம் வந்தது. விதியை மீறுபவரைக் கட்டடத்தை விட்டே வெளியேற்றும் பிடியும் வந்தது. ஒரு பவுண்டு இறைச்சிக்குப் பத்துத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் கால் அவுன்ஸ் வெங்காயம் என்பதுவரை விதி எழுதினார்கள். 1961இல் சகோதரர்களிடமிருந்து 27 லட்சம் டாலருக்கு முழு உரிமையும் கிராக் கைக்கு வந்தது. 1967இல் கனடா, 1971இல் ஜப்பான், 1990இல் மாஸ்கோ, 1996இல் டெல்லி. இன்று 40,000க்கும் மேற்பட்ட கடைகள். பெரும்பாலானவற்றை நடத்துவது நிறுவனம் அல்ல, உரிமம் வாங்கியவர்கள்.

இத்தனை கட்டுக்குள் இருந்தவர்கள்தான் நிறுவனத்துக்குப் பேர் வாங்கித் தந்த பண்டங்களையும் உருவாக்கினார்கள் என்பது எனக்குப் பிடித்த முரண். சின்சினாட்டியில் வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர் நடுவே கடை வைத்திருந்த லூ குரோன், வியாபாரம் படுத்ததால் மீன் பர்கர் செய்தார். பிக் மேக், பென்சில்வேனியாவில் கடை நடத்திய ஜிம் டெலிகட்டியின் கைவேலை.

இனி தமிழுக்கு வருவோம். 'முகவாண்மை' பொருந்தாது, முகவர் பிறர் சார்பில் விற்பவர், இவரோ சொந்த முதல் போட்டு இலாப நட்டம் ஏற்பவர். 'கிளை' என்றால் தலைமையகமே நடத்துவது. 'விற்பனை உரிமை' ஓரளவு நெருங்கி வருகிறது, ஆனால் 'உரிமை' என்ற பாதி இடிக்கிறது. உரிமை நமக்கு இயல்பாகவே உள்ளது. உரிமம் ஒருவர் எழுதிக் கொடுப்பது, திரும்பப் பெறக்கூடியது. வட இந்தியாவில் கூட்டாளியுடன் பிணக்கு முற்றி 2017இல் 169 கடைகளின் ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. 2019இல்தான் சமரசம் ஆனது. இலங்கையில் 2024 மார்ச்சில் உள்ளூர் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்தபோது அங்கிருந்த 12 கடைகளும் மூடப்பட்டன. உரிமையாக இருந்தால் இப்படிப் பறிக்க முடியுமா?

ஆகவே ஃபிரான்சைஸுக்கு 'வணிக உரிமம்' என்பதே என் தேர்வு. பெற்றவர் 'உரிமதாரர்', கொடுப்பவர் 'உரிமம் வழங்குநர்', கடை 'உரிமக் கடை'. ஓட்டுநர் உரிமத்தால் பழகிய சொல் என்பதால் வாசகர் தடுமாற மாட்டார். தேர்தல் செய்தியில் 'வாக்குரிமை' அப்படியே இருக்கட்டும். அங்கே 'உரிமை' என்பதுதான் சரி. ஐபிஎல் செய்திகளுக்கு இவை எதுவும் வேண்டாம்: 'சென்னை ஃபிரான்சைஸ் அவரை ஏலத்தில் எடுத்தது' என்ற இடத்தில் 'சென்னை அணி' என்று எழுதினாலே போதும்.