கேஸ் கலனுக்கு ஏன் வியர்க்கிறது?

ஜூன் விடுமுறையில் பாசிர் ரிஸ் பூங்காவிலோ ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலோ கூடாரம் போடக் கிளம்பும் குடும்பங்கள், பிள்ளைகளுக்கு முதலில் மேகி சமைக்கத்தான் சொல்லித்தருகின்றன. அது எப்படியும் வந்துவிடும். அதற்கு முன் பிள்ளைகள் பழக வேண்டியது, கையடக்க அடுப்பில் படுக்கவைத்துப் பொருத்தும் நீளக் கேஸ் கலனோடு.

புதுக் கலனைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தளும்புவது கேட்கும். எரிவது வாயு, உள்ளே இருப்பதோ திரவம். பியூட்டேன் என்ற இந்த எரிபொருள் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். நம் 30 டிகிரி வெப்பத்தில் அதைத் திரவமாக அடக்கி வைப்பது கலனுக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. குமிழைத் திருகியதும் மேலே நிற்கும் ஆவி வெளியேற, திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமே? அதைத் தன்னிடமிருந்தும் தகரத்திடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அடுப்பு தகிக்கும்போது பக்கத்திலேயே கலன் சில்லிட்டுப்போவது இதனால்தான்.

சிங்கப்பூரில் இதைக் கண்ணாலும் பார்க்கலாம். இங்கே காற்றிலுள்ள ஈரம் பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே நீராகப் படியத் தொடங்கிவிடும். கலன் சில டிகிரி குளிர்ந்தால் போதும், முத்துமுத்தாக நீர் கோத்துக்கொள்ளும். திரவம் தொடும் பகுதிதான் அதிகம் குளிர்வதால், ஈரம் ஏறியிருக்கும் உயரமே மிச்சமிருக்கும் எரிபொருளின் அளவைக் கிட்டத்தட்டக் காட்டிவிடும்.

கலனின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது மேல்நோக்கி இருந்தால், உள்ளேயுள்ள வளைந்த குழாய் ஆவியை மட்டும் உறிஞ்சும். புரட்டிவைத்தால் திரவமே பாய்ந்து தீ குபீரென்று எழும். நெருப்பே இல்லாமல், வீட்டு மேசையில் பிள்ளைகள் இதைச் சலிக்கும்வரை பொருத்திப் பழகலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அம்மாவின் பெரிய தோசைக்கல்லைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள். அது கலனுக்கு மேலும் நீண்டு, சூட்டைக் கீழே திருப்பிவிடும். 50 டிகிரியில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கைத் தொடும். கலன் வெடிப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

வீட்டுச் சமையலறை அனுபவம் இன்னோர் இடத்திலும் கைகொடுக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் பலவற்றுக்குக் குழாயில் வரும் எரிவாயுவில் ஹைட்ரஜனே பெரும்பங்கு. காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போய்விடும். பியூட்டேன் காற்றைப்போல் இரு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும், அதாவது கூடாரத்தில் பிள்ளைகள் படுத்திருக்கும் மட்டத்தில். போதாக்குறைக்கு, மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவையும் வெளியிடும். அதற்கு வாசனை கிடையாது.

எனவே மழை பிடித்துக்கொண்டால் அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுக்கக் கூடாது. அன்றைய சாப்பாட்டுக்கு ரொட்டியும் கயாவும் பையில் இருக்கட்டும்.