'புற்றூக்கி' வேண்டாம், 'புற்றுநோய்க் காரணி' போதும்

"வறுத்த காபியில் புற்றூக்கி இருக்கிறது, உஷார்!" ஏற்காடு, சேலம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் இந்தச் செய்தி ஓய்ந்தபாடில்லை. வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாவது நிஜம்தான், ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை (பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிறது) 1991இல் சந்தேகப் பட்டியலில் வைத்த காபியை 2016இல் இறக்கிவிட்டது. காபியை விடுங்கள், எனக்குக் கோபம் அந்தச் சொல்மேல்.

புற்றுநோயை உண்டாக்குவதற்கு ஆங்கிலத்தில் கார்சினோஜென், அதைத்தான் புற்றூக்கி என்கிறார்கள். முன்பாதி கிரேக்கத்தில் நண்டு, பின்பாதி பிறப்பிப்பது. நமக்கு நண்டுக்குப் பதில் புற்று. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

சரி, ஊக்கிக்கு வருவோம். ஊக்கத்தொகை, ஊக்கமருந்து என்று பழகிய காதுக்குப் புற்றூக்கி என்றால் ஏதோ சத்துமாவு டப்பா மாதிரிக் கேட்கிறது. அதைக்கூடப் பொறுக்கலாம். பள்ளிக்கூடத்தில் வினையூக்கி என்று படித்திருக்கிறோம்: வினையை வேகப்படுத்தும், தான் மாறாது. புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க் காரணி அப்படியா செய்கிறது? உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறி, டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கிறது. நேர் எதிர். இன்னொரு சிக்கலும் உண்டு. 1940களில் எலித் தோலில் ஒரு சோதனை நடந்தது. இம்மாதிரிப் பொருளை முதலில் கொஞ்சமாகத் தடவி, பிறகு நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினால் கட்டிகள் முளைத்தன. வெறும் நேர்வாளம் மட்டும் தடவியபோது அநேகமாக ஒன்றும் இல்லை. ஆமாம், சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். ஏற்கெனவே கெட்ட செல்லைக் கட்டியாக வளரத் தள்ளிவிடும் அந்த வேலைக்கல்லவா ஊக்கி என்ற பெயர் பொருந்தும்? அதை இங்கே செலவழித்துவிட்டால் நாளைக்கு அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

'புற்றுநோய் உண்டாக்கும் பொருள்' என்பாரும் உண்டு. லியோன் பட்டியலில் வெயில் இருக்கிறது, வயிற்றுப்புண் உண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறது, பெயிண்டர் வேலையே இருக்கிறது. வேலையை எப்படிப் பொருள் என்பது? காரணி எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். வடசொல் வாடை என்று முகம் சுளிப்பவர்கள், இதே வேலையைச் செய்யும் தனித்தமிழ்ச் சொல்லோடு வரட்டும், முதல் ஆளாக நானே மாறிக்கொள்கிறேன். தமிழ் வேர் இருந்தால் போதும், பொருள் எப்படியிருந்தால் என்ன என்ற சொல்லாக்கம்தான் ஆகவில்லை எனக்கு.

சொல்லைவிட மோசம், லியோன் பட்டியலில் உள்ள வகைகளின் மொழிபெயர்ப்பு. குரூப் 1 என்றால் மனிதரிடம் போதிய சான்று இருக்கிறது என்று அர்த்தம். 2ஏ, 2பி என்று இறங்க இறங்கச் சான்று குறையும். 3இல் இருப்பவை வகைப்படுத்தவே சான்று பற்றாதவை, காபி இப்போது அங்கேதான். அளக்கப்படுவது சான்றின் வலு, ஆபத்தின் அளவு அல்ல. சிகரெட்டும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே குரூப் 1இல் இருப்பதால் இரண்டும் சமம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்ததில்லை.

2ஏவுக்கும் 2பிக்கும் ஒரே 'சாத்தியம்' போட்டு நிரப்புகிறார்கள். நம் பேச்சிலேயே வித்தியாசம் இருக்கிறது: "அநேகமா வந்துருவாருங்க" வேறு, "ஒருவேளை வந்தாலும் வரலாமுங்க" வேறு. 2ஏவுக்கு அநேகமாக, 2பிக்கு ஒருவேளை. வேறென்ன வேண்டும்? 2023இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை 2பியில் வைத்தபோது 'புற்றுநோயை உண்டாக்கும்' என்றே அடித்துவிட்டார்கள். அங்கே 'லாம்' தேவைப்பட்டது. ஆனால் வாழப்பாடிப் பக்கம் தோப்புத் தோப்பாக விளையும் பாக்கு, புகையிலை சேர்க்காமல் வெறுமனே மென்றாலும், குரூப் 1. அதற்கு மட்டும் 'ஏற்படுத்தலாம்' என்று இழுக்கிறார்கள். அங்கே 'லாம்' கிடையாது, ஏற்படுத்தும்.