சீனாவில் ஆள் எடுக்கும் வெளிநாட்டு நிறுவனமா? முதல் மாதத்துக்குள் கையெழுத்து வாங்குங்கள்

சீனாவில் தொழிலாளிக்குப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது, பிடிக்காவிட்டால் மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்ற நினைப்பில் அங்கே கம்பெனி தொடங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு. 2008 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி ஆளைச் சேர்ப்பது சுலபம், அனுப்புவதுதான் செலவு. முதலாளி சீனரா வெளிநாட்டவரா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

உங்களால் நேரடியாக ஆள் எடுக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டில் சீனாவிலேயே பதிவான கம்பெனி என்றால் முடியும். தாய்க் கம்பெனியின் பிரதிநிதி அலுவலகம் மட்டும்தான் என்றால் முடியாது. ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் சீன ஊழியரை வைத்துக்கொள்ளலாம். வேலை உங்கள் அலுவலகத்தில், ஒப்பந்தம் அந்த நிறுவனத்தோடு. 1979-இல் பெய்ஜிங்கில் தொடங்கிய ஃபெஸ்கோ இப்படி வந்ததுதான்.

சரி, கம்பெனி இருக்கிறது, ஆளும் கிடைத்துவிட்டார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். ‘சம்பளம் பத்தாயிரம், திங்கட்கிழமை வந்துவிடுங்கள்’ என்று வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் அனுப்பியதெல்லாம் இதற்கு உதவாது. மாதம் 10,000 யுவானுக்கு ஒருவர் மார்ச் 1 அன்று சேர்கிறார், காகிதம் எதுவும் இல்லை என்று வையுங்கள். ஏப்ரல் 1 முதல் அவருக்கு மாதாமாதம் இரட்டைச் சம்பளம் தர வேண்டிய கடன் ஏறத் தொடங்கிவிடும். ஓராண்டு அப்படியே ஓடினால் கூடுதல் தொகை மட்டும் 11 மாதச் சம்பளம், அதாவது 1,10,000 யுவான். அதற்குப் பிறகு, காலவரையற்ற ஒப்பந்தம் போட்டுவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஊழியரே கையெழுத்துப் போட மாட்டேன் என்றால்? எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் அந்த முதல் மாதத்துக்குள்ளேயே எழுத்தில் அறிவித்து நிறுத்திவிடுங்கள். பாவம் என்று இழுத்தடித்தால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

தகுதிகாண் காலத்தையும் இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தத்துக்கு அது கிடையவே கிடையாது. ஓராண்டுக்கு உட்பட்டது என்றால் ஒரு மாதம், ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் என்றால் இரண்டு மாதம், மூன்றாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆறு மாதம், இதுதான் உச்சவரம்பு. ஒரே ஆளுக்கு ஒரே தடவைதான். பல நிறுவனங்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தை விரும்புவதற்கு அந்த ஆறு மாதம் ஒரு முக்கியக் காரணம்.

பலரும் கவனிக்காமல் விடுவது முதல் ஒப்பந்தம் முடியும் தேதியை. குறித்த காலத்துக்கு இரண்டு ஒப்பந்தம் தொடர்ச்சியாகப் போட்டுவிட்டால், அடுத்த முறை காலவரையற்ற ஒப்பந்தம் கேட்க ஊழியருக்கு உரிமை வந்துவிடுகிறது. பத்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கும் அப்படித்தான். ஆகவே இவர் நமக்குத் தேவையா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம் முதல் ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மாதம். பழக்கதோஷத்தில் இரண்டாவது ஒப்பந்தமும் போட்டுவிட்டு அப்புறம் வருந்திப் பயனில்லை. நீங்களாகப் புதுப்பிக்காமல் விட்டாலும் இழப்பீடு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அந்த இழப்பீட்டுக் கணக்கு: வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். மிச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஓர் ஆண்டு, ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் அரை மாதச் சம்பளம். 3 ஆண்டு 7 மாதம் இருந்தவருக்கு 4 மாதம், 10,000 யுவான் சம்பளத்தில் 40,000. சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்தியதாகத் தீர்ப்பானால் இரு மடங்கு, 80,000. ஊர்ச் சராசரிச் சம்பளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு.

‘வேலை சரியில்லை’ என்று சொல்லி உடனே அனுப்ப முடியாது. பயிற்சி கொடுக்க வேண்டும் அல்லது வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அதற்கும் தேறவில்லை என்றால்தான் 30 நாள் முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ கொடுத்து, இழப்பீட்டோடு அனுப்பலாம். ஆண்டு மதிப்பீட்டில் கடைசி இடம் வந்தவர்களை வெளியேற்றும் வழக்கத்தையும், கடைசி இடம் என்பதாலேயே ஒருவர் திறமையற்றவர் ஆகிவிடமாட்டார் என்று 2013-இல் சீன உச்ச நீதிமன்றம் வெளியிட்ட வழிகாட்டு வழக்கு ஒன்று நிராகரித்துவிட்டது. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், சிகிச்சை விடுப்பில் இருப்பவர் ஆகியோரை இந்த வழியில் தொடவே கூடாது. கடுமையான ஒழுங்கு மீறலுக்கு உடனடி நீக்கம் உண்டு. ஆனால் எது மீறல் என்று கம்பெனி விதிப் புத்தகத்தில் இருக்க வேண்டும், அது ஊழியர்களோடு பேசி, அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தலைமையகத்து ஆங்கிலக் கையேட்டை மின்னஞ்சலில் தட்டிவிட்டால் தொழிலாளர் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் முன் அது நிற்பது கஷ்டம்.

ஊழியர் விலக நினைத்தால் 30 நாளுக்கு முன் எழுதிக் கொடுத்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. தகுதிகாண் காலத்தில் 3 நாள். வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு முடிந்து, ஆண்டு போனஸ் கைக்கு வந்த பிறகு இப்படி நிறையப் பேர் கிளம்புவார்கள். ‘மூன்றாம் மாதம் பொன், நான்காம் மாதம் வெள்ளி’ என்று வேலைச் சந்தைக்கு அங்கே ஒரு சொலவடையே உண்டு. ஆள் தேடவும் அதுதான் நல்ல நேரம். நேர்காணலில் பெண்களிடம் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது தடைசெய்யப்பட்ட கேள்வி. அசல் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும், முன்பணம் கேட்பதும் அப்படியே.

சம்பளத்துக்கு மேல் ‘ஐந்து காப்பீடு, ஒரு நிதி’ என்று அவர்கள் சொல்லும் சமூகக் காப்பீட்டு, வீட்டு நிதிச் செலவு இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு மட்டும் நிறுவனம் 16 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். ‘காப்பீடு வேண்டாம், அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள்’ என்று ஊழியரே எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் செல்லாது.

கடைசியாக, பிரிந்து போகும்போது வேலை முடிந்ததற்கான சான்றிதழைக் கையில் கொடுத்து, 15 நாளுக்குள் அவருடைய ஆவணக் கோப்பையும் (படிப்பு, வேலை விவரங்கள் அடங்கிய தனிநபர் கோப்பு) காப்பீட்டுக் கணக்கையும் மாற்றிவிட வேண்டும். கோபத்தில் சான்றிதழைப் பிடித்து வைத்து, அதனால் அவருக்கு அடுத்த வேலை கைநழுவினால் அந்த நஷ்டத்தையும் நீங்களே ஈடுகட்ட வேண்டியிருக்கும். நடுவர் மன்றத்தில் முறையிட அவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு, கட்டணம் கிடையாது.