நாமினி: வரிக் கணக்கில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

வங்கியில் கணக்குத் தொடங்கும்போது "நாமினியா யாரைப் போடட்டும்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு, நாமினி என்றாலே வாரிசு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. அமெரிக்க வருமான வரியில் இந்தச் சொல் வேறோர் ஆளைக் குறிக்கிறது. உங்கள் பெயருக்கு வந்த வட்டியிலோ ஈவுத்தொகையிலோ ஒரு பகுதி இன்னொருவருக்கு உரியது என்றால், அந்தப் பகுதிக்கு நீங்கள் நாமினி. இங்கே யாரும் இறக்க வேண்டியதில்லை.

லத்தீனில் 'நோமென்' என்றால் பெயர். அதில் பிறந்த வினை 'நோமினாரே', பெயர் குறித்தல். அப்படிக் குறிக்கப்பட்டவர் நாமினி. வடமொழி வழியாக நமக்கு வந்த 'நாமம்', பாரசீக 'நாம்' இரண்டும் அதே பழைய வேரில் கிளைத்தவை. பாரசீகத்தில் 'இல்லாமல்' என்ற பொருள் தரும் 'பே' முன்னால் சேர்ந்து வந்ததுதான் பினாமி. ஒரே குடும்பத்துச் சொற்கள்தான், ஆனால் வேலை நேரெதிர். பினாமி, உரிமையாளரை மறைக்கிறார். வரிக் கணக்கில் நாமினி, உரிமையாளர் இன்னார் என்று காட்டியாக வேண்டும்.

எப்படிக் காட்டுவது? அக்காவும் தம்பியும் கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். போட்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தம்பியுடையது. ஆண்டு வட்டி 1,200 டாலர். முதல் பெயர் அக்காவுடையது என்பதால் வட்டி எவ்வளவு என்று வங்கி அவருக்கும் வரித்துறைக்கும் தெரிவிக்கும் 1099-ஐஎன்டி படிவம் முழுத் தொகைக்கும் அவருடைய வரி எண்ணில் வருகிறது. "என் பங்கு 400தானே" என்று அதை மட்டும் எழுதினால், வரித்துறையிடம் உள்ள 1,200 உடன் கணக்கு இடிக்கும். ஆகவே, வட்டியையும் ஈவுத்தொகையையும் பட்டியலிடும் ஷெட்யூல் பி என்ற இணைப்புப் படிவத்தில் முதலில் 1,200 முழுவதையும் எழுத வேண்டும். கீழே கூட்டுத்தொகை போட்டு, 'நாமினி விநியோகம்' என்று குறித்து 800ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 400க்குத்தான் வரி. அப்புறம், அந்த 800க்குத் தம்பி பெயரில் அக்காவே ஒரு 1099-ஐஎன்டி எழுதிக் கொடுத்து, அதன் படியை 1096 என்ற முகப்புப் படிவத்தோடு வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாம் பாதியில்தான். உரியவர் கணவனோ மனைவியோ என்றால் மட்டும் அந்தப் படிவம் தேவையில்லை.

இந்தியாவிலும் இதே சிக்கல் உண்டு. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 37பிஏ, வருமானம் வேறொருவருக்கு உரியது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, பிடித்த வரியை அவருடைய பான் எண்ணில் காட்டச் செய்ய வழி தந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வங்கிப் படிவங்களில் வரும் 'நியமனதாரர்' இறப்புக்குப் பின் பணம் வாங்குபவருக்குப் பொருந்தும். 'வாரிசுதாரர்' என்பது அங்கேகூடத் தவறு. காப்பீட்டு நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று 1984இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (2015 திருத்தத்துக்குப் பிறகு, காப்பீட்டில் பெற்றோர், மனைவி, கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது.) வரிக் கணக்கில் வரும் நாமினிக்கு நான் 'பிறர்பொருட்டுப் பெறுநர்' என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் பணம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லே பதில் சொல்லிவிடுகிறது.