33-வது கிலோமீட்டர்ல எனக்கு கழித்தல் கணக்கு மறந்துபோச்சு

என்னோட முதல் மாரத்தான்ல 12 கிலோமீட்டர் பக்கம் இடுப்பு பெல்ட்டைத் தடவிப் பார்த்தா வச்சிருந்த ஜெல் (ஓடும்போது சாப்பிடுற சர்க்கரைப் பசை பாக்கெட்) ஒண்ணு கூட இல்ல, எங்கயோ விழுந்துடுச்சு, உடம்பு தெம்பா இருந்ததால பரவால்லன்னு அதே வேகத்துல ஓடிட்டேன். 32 தாண்டினதும் தொடை ரெண்டும் கல்லா இறுகிடுச்சு. 33-ன்னு போர்டு தெரியுது, இன்னும் எவ்ளோ இருக்குன்னு கழிச்சுப் பார்க்க முடியல. ரொம்ப நாள் மனசுல உறுதி பத்தலன்னு நினைச்சு வருத்தப்பட்டேன், விஷயம் அது இல்ல, இது சர்க்கரைக் கணக்கு.

நாம சாப்பிடுற சோறும் இட்லியும் கிளைகோஜனா, அதாவது உடம்பு சேமிச்சு வைக்கிற சர்க்கரையா, சேருது, தசைல சுமார் 400 கிராம், கல்லீரல்ல சுமார் 100 கிராம், கிராமுக்கு 4 கலோரின்னா மொத்தம் 2000. ஆனா 65 கிலோ ஆளு 42.195 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 2700 கலோரி வேணும். மிச்சத்தை கொழுப்பு குடுக்கும், ஒல்லியா இருக்கிறவங்ககிட்டயும் அது நிறையவே இருக்கு, ஆனா மெதுவாதான் எரியும், அதே சக்திக்கு ஆக்ஸிஜனும் அதிகம் கேக்கும். வேகம் ஏற ஏற உடம்பு சர்க்கரையத்தான் அதிகமா எடுக்கும், அதனால ஆரம்பத்துல ஆசைப்பட்டு ஓடின வேகம் 32-ல வந்து கழுத்தைப் பிடிக்குது.

தலை ஏன் மந்தமாச்சு? தசைல இருக்குற சர்க்கரை திரும்ப ரத்தத்துக்குப் போகாது, அதை வெளிய விடுற என்சைம் தசைல கிடையாது, கல்லீரல்ல இருக்கு. மூளை நம்பியிருக்கிறது அந்த 100 கிராமைத்தான்.

பெரிய ஆளுங்களுக்கும் இப்படி நடக்குது. 2023 பாஸ்டன் மாரத்தான்ல கென்யா ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 30 கிலோமீட்டர் பக்கம் தன்னோட பானம் இருந்த பாட்டிலைப் பிடிக்காம விட்டுட்டார், 2:09:23-ல ஆறாவதா வந்தார். பாட்டில்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், இடது கால்ல பிரச்சனைன்னு அவரே சொன்னார், ஆனா விடாம ஓடி முடிச்சார் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசு.

குடல் ஒரு மணி நேரத்துக்கு குளுக்கோஸ் 60 கிராம் வரைக்கும்தான் உள்ள இழுக்கும், பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு தனி வழி இருக்கு, ரெண்டும் கலந்தா 90 வரைக்கும் போகலாம். அதுக்கும் பழக்கணும், அதனால இப்போ ஞாயித்துக்கிழமை லாங் ரன்ல ஜெல் சாப்பிட்டுத்தான் ஓடுறேன், பாதி பெல்ட்ல, பாதி ஷார்ட்ஸ் பாக்கெட்ல.

அடுத்த மாரத்தான்லயும் 18-ல ஒரு ஜெல் நழுவிடுச்சு. உடனே வேகத்தைக் குறைச்சு கிலோமீட்டருக்கு 15 செகண்ட் கூடுதலா எடுத்துக்கிட்டேன், அடுத்த தண்ணி டேபிள்ல பாதி வாழைப்பழம், ரெண்டு கப் குளுக்கோஸ் தண்ணி. 33 போர்டு வந்தப்போ தொடை வலிச்சுது, ஆனா மனசுக்குள்ள கணக்கு சட்டுன்னு வந்துடுச்சு, இன்னும் ஒம்போது சொச்சம்.